டாக்வுட் மரத்துக்குக் காட்டின் விளிம்பு வேண்டும்

வட கரோலினா மாநிலத்தின் கேரி நகரில் எங்கள் வீட்டின் கிழக்குப் புறத்தில் ஒரு டாக்வுட் மரம் நிற்கிறது. பங்குனி பாதியைத் தாண்டும்போது அதன் மொட்டுகள் விரியத் தொடங்கும். சித்திரை முதல் நாள் நெருங்கும்போது, இலைகள் இன்னும் சரியாகத் தலைகாட்டாத கிளைகளில், அடுக்கடுக்காகப் பரந்த வெண்மை மட்டுமே கண்ணில் படும். கொன்றைப் பூ கிடைக்காத ஊர் இது என்பதால், சில ஆண்டுகளாக எங்கள் கனித்தட்டில் மாம்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே இந்த மரத்தின் சிறு கிளையொன்றை என் மனைவி வைத்து வருகிறார். இம்முறை அந்தத் தட்டின் படத்தைப் பார்த்த நண்பர்கள் பலர், குறிப்பாக நியூ ஜெர்சியிலும் வர்ஜீனியாவிலும் புதிதாக வீடு வாங்கியவர்கள், இந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டார்கள். ஒரு மரத்தை இழந்து இன்னொன்றை வளர்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தப் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு வெள்ளை இதழ்களாக நாம் காண்பவை உண்மையில் இதழ்களே அல்ல. நம் ஊர்க் காகிதப்பூவில் வண்ணம் காட்டுவது எப்படிப் பூவை ஒட்டியிருக்கும் பூவடிச் செதிலோ, அப்படியே இங்கும். அந்த நான்கு செதில்களின் நடுவே, மிளகை விடச் சிறியதாக, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் நெருக்கமாகக் குவிந்திருக்கும் மணிகள்தாம் மெய்யான பூக்கள். ஒவ்வொரு செதிலின் நுனியிலும், யாரோ நகத்தால் கிள்ளியதுபோல, பழுப்பேறிய ஒரு சிறு பள்ளம் இருக்கும். இந்தப் பள்ளம் அமெரிக்க மரத்தின் அடையாளம். இலையிலும் ஓர் அடையாளம் உண்டு. ஓர் இலையைக் குறுக்கே மெல்லக் கிழித்து இரண்டு பாதிகளையும் நிதானமாக விலக்கினால், தாமரைத் தண்டை ஒடிக்கும்போது வருவதுபோல, நரம்புகளிலிருந்து மெல்லிய வெண்ணிற நூல்கள் நீண்டு, கீழ்ப் பாதி மேல் பாதியில் தொங்கி நிற்கும். இலையுதிர்ந்த காலத்திலோ, முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பட்டையும், கிளை நுனிகளில் சிறு கோயில் கலசங்களைப் போல நிமிர்ந்து நிற்கும் பூமொட்டுகளும் மரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட அறிவியல் பெயர் கோர்னஸ் ஃப்ளோரிடா. கோர்னு என்றால் லத்தீனில் கொம்பு. மரத்தின் கடினத்தைக் குறித்த பெயர் அது. பஞ்சாலைகள் பெருகிய காலத்தில் தறிநாடா செய்ய இந்த மரத்தைத்தான் தேடி வெட்டினார்கள், ஏனெனில் எத்தனை முறை ஓடினாலும் அது சிம்பு கிளம்பாமல் வழவழப்பாகவே தேயும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுவதும், மெய்ன் மாநிலத்தின் தெற்கிலிருந்து ஃப்ளோரிடா, டெக்சாஸ் வரை, இது தானாக வளரும் மரம். வட கரோலினா 1941இல் இதன் பூவை மாநில மலராக ஏற்றது. வர்ஜீனியா 1918இல் மலராகவும் 1956இல் மரமாகவும் ஏற்றுக்கொண்டது.

நான் வைத்த முதல் மரத்தைப் பற்றி எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது. 2010 ஏப்ரலில், நர்சரியில் பூத்து நின்ற ஓர் இளஞ்சிவப்பு மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கி, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், தெற்கு நோக்கிய முன்புறப் புல்வெளியின் நடுவில் நட்டேன். ஜூலை வந்ததும் இலைகளின் ஓரங்கள் தீயில் காட்டியதுபோலப் பழுப்பேறிச் சுருண்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, புல்லுக்குப் பாய்ச்சும் தெளிப்பானையே கூடுதல் நேரம் ஓடவிட்டேன். இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் இதே கதைதான். நான்காம் ஆண்டில் ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் தளிர்க்கவே இல்லை. குனிந்து அடிமரத்தைப் பார்த்தபோது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பட்டை உரிந்து தொங்கியது. அதன் மடிப்பில் மரத்தூள் போன்ற பழுப்புத் துகள் கட்டியாக ஒட்டியிருந்தது. கத்தி முனையால் பட்டையைத் தூக்கினால், உள்ளே நெளிந்து நெளிந்து குடைந்த பாதைகளும், ஒரு பாதையின் முடிவில் பழுப்புத் தலையுடன் வெளிர் நிறப் புழு ஒன்றும் இருந்தன.

அது டாக்வுட் தண்டு துளைப்பான். குளவியைப் போலத் தோற்றம் தரும், இறகில் செதிலில்லாத ஓர் அந்துப்பூச்சியின் புழு. நலமாக இருக்கும் பட்டையில் அதனால் எளிதில் நுழைய முடியாது, காயம் வேண்டும். அந்தக் காயத்தைப் புல் வெட்டும்போது நாங்களே ஏற்படுத்தியிருக்கிறோம். சுழலும் நைலான் சரடு வாரம் தவறாமல் அடிமரத்தை உரசியிருக்கிறது. பட்டைக்கு அடியிலிருக்கும் உயிர்த்திசுவைப் புழு சுற்றிவரத் தின்றுவிட்டால், அதற்கு மேல் மரம் பிழைக்க வழியில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மேற்கு மலைப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர். ஏப்ரலில் பூ மலர்ந்திருக்கும் நாட்களில் திடீரென்று திரும்பி வரும் குளிரை அவர்கள் ஊரில் டாக்வுட் குளிர்காலம் என்று அழைப்பார்களாம். அந்தக் குளிர் கழியும் வரை தக்காளி நாற்றை வெளியே நடமாட்டார். என் மரம் பட்டுப்போனதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில், ராலிக்கும் டர்ஹமுக்கும் நடுவிலுள்ள அம்ஸ்டெட் மாநிலப் பூங்காவுக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே ஓக் மரங்களும் பைன் மரங்களும் வானத்தைப் பிடித்து நிற்க, அவற்றின் இடுப்பளவு உயரத்தில், பாதையோரமாக வெளிச்சம் சாய்வாக விழுகின்ற இடங்களில், டாக்வுட் மரங்கள் கிளைகளைக் கிடையாக நீட்டிப் பூத்திருந்தன. காலடியில் முழங்கால் வரை சருகு. புல் எங்கும் இல்லை. உங்கள் மரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்தக் காட்சியிலேயே அடங்கிவிட்டது. டாக்வுட் நோஞ்சான் மரம், எதற்கெடுத்தாலும் செத்துவிடும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது உயர்ந்த மரங்களின் கீழே வாழப் பழகிய மரம். அதைப் புல்வெளியின் நடுவில், வெட்டவெளியில், இறுகிய களிமண்ணில் தனியே நிறுத்திவிட்டு அதன் உடம்பைக் குறை சொல்வது நியாயமில்லை. அதே வேளையில் அடர்ந்த இருளும் அதற்கு ஆகாது. முழு நிழலில் பூ குறையும், இலை ஈரம் காயாமல் நோய் பெருகும். காலை வெயில் தாராளமாகவும் பிற்பகலில் நிழலும் கிடைக்கும் காட்டின் விளிம்பு எதுவோ, அதை உங்கள் மனையில் தேடுங்கள். வீட்டின் கிழக்குப் புறம் பெரும்பாலும் பொருந்தும். என் இரண்டாவது மரத்துக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வீட்டின் நிழலும், தென்மேற்கில் நிற்கும் மூன்று பைன் மரங்களின் சல்லடை நிழலும் கிடைக்கின்றன.

அந்த மரத்தை 2015 நவம்பரில் நட்டேன். பூக்கும் காலத்தில் வாங்கி நடும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இலை உதிர்ந்தபின் நட்டால், மேலே எந்த வேலையும் இல்லாத நான்கைந்து மாதங்களில் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கோடையைத் தாங்கும் வலிமையும் வரும். காட்டிலிருந்து தோண்டி வருவது வேண்டாம். வேர் அறுந்து பெரும்பாலானவை பிழைப்பதில்லை, நோயையும் கூடவே கொண்டுவந்துவிடலாம்.

எங்கள் பகுதி மண் செம்மண் களி. ஈரத்தில் பிசைந்த மாவு, வெயிலில் செங்கல். ஆகவே குழியை ஆழமாகத் தோண்டிப் பயனில்லை. ஆழக் குழி தொட்டியைப் போல நீரைத் தேக்கி வேரை மூச்சுத் திணற வைக்கும். வேர்க்கட்டியைப் போல மூன்று மடங்கு அகலமாகவும், அதன் உயரத்தை விட ஓர் அங்குலம் குறைவாகவும் தோண்டினேன். அடிமரம் வேராக விரியத் தொடங்கும் இடம் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். நர்சரித் தொட்டியில் அந்த இடம் பல நேரம் மண்ணில் புதைந்திருக்கும். விரலால் மண்ணைத் தள்ளி அதைக் கண்டுபிடித்த பிறகே குழியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டிப் பிரித்துவிட வேண்டும். தோண்டிய அதே மண்ணைத்தான் திரும்ப நிரப்பினேன். குழிக்குள் மட்டும் செழிப்பான உரமண் இருந்தால், வேர் அதைத் தாண்டி வெளியே போக மனமில்லாமல் உள்ளேயே சுற்றும். நடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்துகொண்டேன்; கார அமில அளவு (pH) 5.7 என்று வந்தது. இந்த மரம் 5.5 முதல் 6.5 வரை விரும்பும் என்பதால் நான் எதையும் சேர்க்கவில்லை. புல்லுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு தூவுகிறவர்கள் மரத்தின் பக்கம் அதைத் தூவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூடாக்கைப் பற்றி எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். டாக்வுட்டின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. மண்ணின் மேல் அங்குலங்கள் காய்ந்தால் முதலில் வாடுவது இதுதான். கிளைகள் எவ்வளவு தூரம் நீள்கின்றனவோ அவ்வளவு தூரத்துக்குப் புல்லை அகற்றிவிட்டு, பைன் ஊசிச் சருகையோ பட்டைத் துண்டுகளையோ 2 முதல் 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டி ஒரு கையகல இடைவெளி கட்டாயம் இருக்கட்டும். இங்கே தெருவுக்குத் தெரு மூடாக்கைக் கூம்பு கூம்பாக மரத்தின் மேல் குவித்து வைத்திருப்பதைக் காண்கிறேன். பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்தால் அழுகும். எலி அதற்குள் ஒளிந்து பட்டையைக் கொறிக்கும். பரப்பி வைத்தால் ஈரம் நிற்கிறது, மண் குளிர்ச்சியாக இருக்கிறது. எல்லாவற்றையும் விட, புல் வெட்டும் இயந்திரம் மரத்தின் அருகே வரவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. முதல் மரத்துக்கு இந்த ஒன்றைச் செய்திருந்தாலே அது இன்று இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மழையில்லாத வாரங்களில் ஓர் அங்குல நீர் போதும், ஆனால் அது மெதுவாக ஒரே முறையில் ஆழமாக இறங்க வேண்டும். கசிவுக் குழாயை இரண்டு சுற்றாக மூடாக்கின் கீழ் விட்டிருக்கிறேன். மேலிருந்து தெளித்தால் இலை நனையும். நனைந்த இலையில் பூஞ்சை குடியேறும். உரம் நான் ஏறக்குறைய இடுவதே இல்லை. தழைச்சத்து கூடினால் தளதளவென்று தளிர் வரும், அந்தத் தளிரைத்தான் சாம்பல் நோய் முதலில் பிடிக்கும். இளமரத்தைச் சுற்றி முதல் மூன்று ஆண்டுகள் கம்பி வலை கட்டியிருந்தேன், ஏனெனில் இலையுதிர் காலத்தில் ஆண்மான்கள் கொம்பை உரசிப் பட்டையைக் கிழித்துவிடும்.

இனி நோய்கள். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் பகுதியில் டாக்வுட் மரங்கள் காரணம் புரியாமல் மடியத் தொடங்கின. ஏறத்தாழ அதே காலத்தில் மேற்குக் கரையிலுள்ள பசிபிக் டாக்வுட்டிலும் அந்த நோய் தென்பட்டது. டிஸ்குலா டிஸ்ட்ரக்டிவா என்று 1991இல் பெயர் பெற்ற அந்தப் பூஞ்சையின் ஆந்த்ராக்னோஸ் நோய், குளிர்ந்த, ஈரமான, நிழலான மலைக்காடுகளின் வழியே அப்பலாச்சியத் தொடரில் தெற்கு நோக்கி இறங்கியது. இலையில் ஊதா விளிம்புள்ள பழுப்புப் புள்ளிகளாகத் தொடங்கி, கீழ்க்கிளைகளை முதலில் கருக்கி, அடிமரத்தில் நேராகக் கிளம்பும் நீர்ப்போத்துகள் என்ற மெல்லிய தளிர்க்கிளைகள் வழியாக மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். மேரிலாந்திலுள்ள கடாக்டின் மலைப் பூங்காவில் 1984இல் கணக்கெடுத்தபோது நோயில்லாத டாக்வுட் 3 விழுக்காடுதான் இருந்தது. 1988இல் 89 விழுக்காடு செத்துவிட்டிருந்தது. நான்கே ஆண்டுகளில் ஒரு மலையின் வசந்தம் இல்லாமல் போனது என்பதை நினைக்க முடிகிறதா? அந்த அழிவின் நடுவே சாகாமல் நின்ற ஒரு மரத்தை டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்துப் பெருக்கினார்கள். அப்பலாச்சியன் ஸ்பிரிங் என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளைப் பூ மரம் அதன் வழி வந்தது. மலைப்பகுதியிலோ வடக்கு மாநிலங்களிலோ வசிப்பவர்கள் இதைத் தேடி வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்களைப் போலத் தாழ்நிலத்தில், வெப்பமான கோடையில் வாழ்பவர்களுக்கு ஆந்த்ராக்னோஸை விடச் சாம்பல் நோயின் தொல்லைதான் அதிகம். 1990களின் நடுவிலிருந்து தென்மாநிலங்களில் இது பெருகிவிட்டது. ஜூன் மாதத்தில் இலைகளின் மேல் திருநீறு தூவியதுபோல வெண்படலம் படியும். இலை சுருண்டு, வளர்ச்சி நின்று, அடுத்த ஆண்டுப் பூ குறையும். வளர்ந்த மரத்தைக் கொல்லாது, கன்றைத் தளர்த்திவிடும். இதைத் தாங்கும் வகைகளையும் அதே பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்துத் தந்திருக்கிறது. என் மரம் அவற்றுள் ஒன்றான ஜீன்ஸ் அப்பலாச்சியன் ஸ்நோ. இத்தனை ஆண்டுகளில் பூஞ்சைமருந்தை நான் கையில் எடுத்ததில்லை. சிவந்த பூ விரும்புகிறவர்களுக்குச் செரோக்கி பிரேவ் ஓரளவு தாங்கும். செதில்களில் சிறு ஊதாப் புள்ளிகள் தோன்றினால் அது வேறொரு பூஞ்சை. ஈரமான வசந்தத்தில் வந்துபோகும், கவலைப்பட வேண்டியதில்லை.

கௌசா என்ற ஆசிய டாக்வுட்டை வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஜப்பான், கொரியா, சீனா நாடுகளின் மரம் அது. இலை விரிந்த பிறகு, நம் மரம் பூத்து மூன்று நான்கு வாரங்கள் கழித்துப் பூக்கும். செதில்களின் நுனி கூர்மையாக இருக்கும். ஆந்த்ராக்னோஸை நன்றாகத் தாங்கும். இதன் பழத்தை நாமும் சாப்பிடலாம். தோல் மணல்மணலாக இருந்தாலும் உள்ளே சீத்தாப்பழத்தைப் போலக் குழைந்திருக்கும். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்வின் ஓர்ட்டன் இந்த இரண்டு இனங்களையும் கலந்து உருவாக்கிய ஸ்டெல்லர் வரிசை மரங்களும் உறுதியானவை, இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பூப்பவை. ஆனால் அந்தக் கலப்பின மரங்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. பறவைகளுக்காகவே மரம் வைக்கும் எனக்கு அது பெரிய குறை. ஜப்பான் என்றதும் நினைவுக்கு வருகிறது: வாஷிங்டன் நகரத்துக்கு 1912இல் டோக்கியோ அனுப்பிய செர்ரி மரங்களுக்கு எதிர்சீராக, 1915இல் அமெரிக்கா அங்கே அனுப்பியது டாக்வுட் மரங்களைத்தான்.

கவாத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தானாகவே அழகான வடிவம் கொள்ளும் மரம் இது. அடுத்த ஆண்டின் பூமொட்டுகள் கோடையிலேயே உருவாகிவிடுவதால், கண்டபடி வெட்டினால் பூவைத்தான் இழப்போம். பட்டுப்போன கிளைகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும், அடிமரத்தின் நீர்ப்போத்துகளையும் குளிர்காலத்தில் எடுத்துவிடுகிறேன். துளைப்பானின் அந்துப்பூச்சிகள் பறக்கும் கோடை மாதங்களில் அரிவாளையோ கத்தரியையோ மரத்தின் அருகே கொண்டுபோவதே இல்லை.

அக்டோபரில் இலைகள் குங்குமச் சிவப்பாக மாறும்போது, அவற்றுக்கிடையே பளபளவென்று சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். நமக்குக் கசப்பு, பறவைகளுக்கோ தொலைதூரப் பயணத்துக்கும் குளிருக்கும் வேண்டிய கொழுப்பு நிறைந்த உணவு. ராபின்களும் நீலப்பறவைகளும் வரும். ஒரு நாள் காலையில் சீடர் வாக்ஸ்விங் கூட்டம் ஒன்று இறங்கினால், மாலைக்குள் மரம் காலியாகிவிடும். உதிரும் இலைகளையும் நான் அள்ளிக் கொட்டுவதில்லை. டாக்வுட் இலையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, விரைவில் மட்கும். காட்டில் மேல்மண்ணை வளமாக்கும் வேலையை இந்த மரம் செய்துவந்தது. மலைக்காடுகளில் இது அழிந்தபோது, கூடவே அந்த மண்ணும் ஒன்றை இழந்தது.

இந்த மரத்தின் குடும்பத்தைத் தேடிப் படித்தபோது, நம் ஊர் அழிஞ்சில் மரமும் இதே கோர்னேசியே குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டேன். உதிர்ந்த விதை தானாகவே தாய்மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நம் பாட்டிமார்கள் கதை சொல்வார்களே, அதே ஏறழிஞ்சில்தான். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து, தெரியாமலேயே ஓர் உறவுக்காரரின் பக்கத்தில் குடியேறியிருக்கிறோம் என்று அன்று முழுவதும் எனக்கு ஒரே மகிழ்ச்சி.

சென்ற இலையுதிர் காலத்தில் பறவைகள் வருமுன் ஒரு கைப்பிடி பழங்களைப் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, விதைகளை மண் நிரப்பிய இரண்டு தொட்டிகளில் ஊன்றி, அணில் தோண்டாதபடி மேலே கம்பி வலை போட்டு வெளியிலேயே வைத்தேன். இந்த விதைக்கு மூன்று நான்கு மாதக் குளிர் வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் முளைக்காது. இவை தாய்மரத்தைப் போலவே நோய் தாங்கும் என்று உறுதி கூற முடியாது, பூக்கவும் ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்று என்றால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூத்துவிடும். இருந்தாலும் ஊன்றினேன். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு தொட்டியில் ஐந்தும் மற்றொன்றில் இரண்டும் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவருடைய மனையின் வட எல்லையில், அவருடைய பைன் மரங்கள் முடிகிற இடத்தில், காலை வெயில் எதுவரை வருகிறது என்று நேற்று இருவருமாகக் குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறோம். கன்றுகள் இன்னும் இரண்டு குளிர்காலத்தைத் தொட்டியிலேயே கழிக்கட்டும். அதற்கடுத்த நவம்பரில் மூன்று அங்கே போகும்.